கைட்டில் மெல்லக் கசியும் காற்று: இடம் கண்டு அடைப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு, கைட் சர்ஃபிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்குவது) செய்யும் கடல் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, ராமேசுவரத்தை ஒட்டிய கரையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, ஓசூர், சேலம், மதுரை என்று விடிய விடிய வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்து, கைட்டுக்குக் காற்றடித்துக் கரையில் கிடத்திவிட்டு ஒரு தேநீர் குடித்துத் திரும்பும்போது அதன் குழாய்கள் தொய்ந்து கிடந்தால், அந்த வார இறுதி அத்துடன் முடிந்துபோகிறது. கரையில் வைத்து அதைச் சரிசெய்ய நேரமும் இருக்காது, பொருளும் இருக்காது. மணல் பறக்கும் இடத்தில் ஒட்டு பிடிக்கவும் செய்யாது. ஆகவே மெல்லிய கசிவு என்பது பெங்களூரில், வீட்டுக் கூடத்தில், வார நாட்களின் இரவுகளில் தீர்த்துவிட வேண்டிய வேலை.

இந்த வேலையில் ஒட்டுவதற்கு ஆகும் நேரம் அரை மணி. தேடுவதற்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று நாட்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, முதலில் கண்ணில் பட்ட துளையை அடைத்துவிட்டு, அதுதான் கசிவு என்று நம்பிக் கடலுக்குப் போய்விடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போய், கரையிலிருந்து இருநூறு மீட்டர் தொலைவில் கைட் நடுவில் மடிந்து விழுந்தபின், ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து திரும்பினேன். கீழே சொல்லும் வரிசை அதற்குப்பின் நான் கடைப்பிடிப்பது. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் தேடும் பரப்பைப் பாதியாகக் குறைக்கும் என்பதால், இதில் எதையும் தாண்டிப் போகாமல் இருப்பது நல்லது.

காற்று எங்கெல்லாம் இருக்கிறது

காற்றடிக்கும் கைட்டின் முன்விளிம்பில் வில் போல வளைந்த தடித்த குழாய் லீடிங் எட்ஜ். அதிலிருந்து பின்னோக்கி விலா எலும்புகள் போலச் செல்லும் குழாய்கள் ஸ்ட்ரட்டுகள். ஸ்ட்ரட்டுகள் மூன்றோ ஐந்தோ இருக்கும். ஒன்று மட்டும் உள்ள கைட்டுகளும் உண்டு. 1984ஆம் ஆண்டில் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய பிரெஞ்சுக்காரர்களான புரூனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் தேடியது, தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து மீண்டும் எழும்பக்கூடிய ஒரு கைட்டை. அந்தக் குணம் முழுவதும் இந்தக் குழாய்களின் விறைப்பில்தான் இருக்கிறது. விறைப்புப் போனால் கைட் எழும்பாது என்பது மட்டுமல்ல, காற்றின் ஓர் உந்தலில் நடுவே மடிந்து, கயிறுகளைச் சிக்கலாக்கி, உங்களைக் கடலில் நிறுத்திவிடும்.

ஒவ்வொரு குழாயும் இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது டேக்ரான் துணியாலான உறை. அது காற்றைப் பிடித்துவைப்பதில்லை, வடிவத்தைத் தாங்குகிறது. உள்ளே இருப்பது டிபியு என்னும் நெகிழியாலான மெல்லிய பை. இதைப் பிளாடர் என்போம். காற்றைப் பிடிப்பது பிளாடர், அழுத்தத்தைத் தாங்குவது உறை. தலையணைக்கும் உறைக்கும் உள்ள உறவு என்று சிலர் சொல்வார்கள்; ஃபுட்பாலின் உள்பைக்கும் தோலுக்கும் உள்ள உறவு என்பதே சரி. உறை இல்லாமல் பிளாடருக்கு முழு அழுத்தம் கொடுத்தால் அது பலூன் போல ஊதி வெடித்துவிடும். பின்னால் தேவைப்படும் என்பதால் இதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்றைய கைட்டுகளில் லீடிங் எட்ஜின் ஒரே வால்வு வழியாக எல்லாக் குழாய்களுக்கும் காற்று போகிறது. லீடிங் எட்ஜையும் ஸ்ட்ரட்டுகளையும் சிறு ரப்பர் போன்ற ஹோஸ்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு ஹோஸிலும் அதை நெரித்து மூடும் ஒரு கிளிப் உண்டு. காற்றடித்தபின் அந்தக் கிளிப்புகளை மூடிவிட்டால் ஒவ்வொரு குழாயும் தனி அறையாகிவிடும். தேடலின் பாதி வேலையை இந்தக் கிளிப்புகளே செய்து தருகின்றன.

கசிவுதானா என்று முதலில் உறுதி செய்தல்

இரவில் காற்றடித்து வைத்த கைட் விடியலில் சற்றுத் தளர்ந்திருந்தால் அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ந்த காற்றின் அழுத்தம் குறையும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 13.2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு). பம்பின் மானி காட்டும் 7 பி.எஸ்.ஐ. இதற்கு மேலே உள்ள அழுத்தம். ஆகவே குழாய்க்குள் உள்ள மொத்த அழுத்தம் 20.2. மாலையில் 28 டிகிரி வெப்பத்தில் அடித்த காற்று விடியலில் 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் மொத்த அழுத்தம் சுமார் 19.5 ஆகும், மானி 6.3 காட்டும். ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமலே பத்தில் ஒரு பங்கு அழுத்தம் காணாமல் போய்விடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பால்கனியில் கைட்டை வைத்துச் சோதிப்பவர்கள் இதனால் இல்லாத துளையைத் தேடி அலைகிறார்கள்.

எனவே சோதனையை வீட்டுக்குள், ஜன்னல்களைச் சாத்தி, வெயில் படாத இடத்தில் செய்ய வேண்டும். மாலை ஏழு மணிக்குக் காற்றடித்து அளந்து எழுதிவைத்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு அறை ஓரளவு அதே வெப்பத்தில் இருக்கும்போது மீண்டும் அளக்க வேண்டும். கைட்டை விரித்து நிறுத்தக் கூடத்தில் இடம் போதாவிட்டால், சோபாவை நகர்த்திவிட்டு அதைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தலாம்; குழந்தைகளும் பூனையும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது கைட்டின் மேலேயே வால்வுக்கருகில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், சிறிய கைட்டுக்குச் சற்று அதிகமாகவும் பெரிய கைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் சொல்லியிருப்பார்கள்.

காற்று இறங்கும் வேகமே ஒரு துப்பு. சில நிமிடங்களில் தொய்ந்தால் கிழிசல், அல்லது வால்வு அடியோடு பிரிந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் தொய்ந்தால் ஊசித்துளை, அல்லது வால்வின் அடித்தட்டில் ஓர் ஓரம் விட்டிருக்கிறது. இரவு முழுதும் பிடித்து விடியலில் பாதியானால் மூடியின் வளையம், ஹோஸின் விரிசல், மயிரிழை போன்ற துளை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த அறை என்று பிரித்தறிதல்

முழு அழுத்தத்துக்கு அடித்து, எல்லாக் கிளிப்புகளையும் மூடி, வால்வு மூடியை இறுக்கி, இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். காலையில் ஒவ்வொரு குழாயையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதே காதுதான் இங்கும் வேண்டும்: விறைப்பான குழாய் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது பொத்தென்று ஒலிக்கும். ஸ்ட்ரட்டுகளுக்குத் தனி வால்வு இல்லாததால் மானியால் அவற்றை அளக்க முடியாது; சுண்டிய ஒலியே அவற்றுக்கு அளவுகோல். ஆகவே முந்தைய இரவில் காற்றடித்தவுடனேயே ஒவ்வொன்றையும் ஒருமுறை சுண்டிக் கேட்டு அந்த ஒலியை நினைவில் வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது.

லீடிங் எட்ஜ் மட்டும் தளர்ந்திருந்தால் குறை அதன் பிளாடரில், காற்றடிக்கும் வால்வில், காற்றை வெளியேற்றும் வால்வில், அல்லது கிளிப்புக்கு இந்தப் பக்கம் உள்ள ஹோஸ் பகுதியில் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் குறை அந்த ஸ்ட்ரட்டின் பிளாடரில், அல்லது கிளிப்புக்கு அந்தப் பக்கம் உள்ள ஹோஸ் பகுதியில். இவை இரண்டும் தெளிவானவை. தடுமாற வைப்பவை வேறு இரண்டு.

முதலாவது, லீடிங் எட்ஜும் ஒரு ஸ்ட்ரட்டும் சேர்ந்து தளர்ந்திருப்பது. இதைப் பார்த்ததும் இரண்டு துளைகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிளிப் தேய்ந்துபோய் ஹோஸை முழுமையாக நெரிக்காவிட்டால், லீடிங் எட்ஜில் அழுத்தம் குறையக் குறைய ஸ்ட்ரட்டின் காற்று அதற்குள் இறங்கிவிடும். அந்த ஹோஸை மட்டும் நடுவில் மடக்கி, உறுதியான நூலால் கட்டிவிட்டு இன்னோர் இரவு வைத்துப் பாருங்கள். இப்போது ஸ்ட்ரட் விறைப்பாக நின்றால் துளை ஒன்றுதான்; கிளிப்பை மாற்றினால் போதும்.

இரண்டாவது, கிளிப்புகளை மூடினால் எல்லாம் இரவு முழுதும் பிடிக்கிறது, திறந்துவைத்தால் மட்டும் எல்லாம் தொய்கிறது என்ற நிலை. நான் கடலில் நடந்து திரும்பியது இதனால்தான். கிளிப் தினமும் ஒரே இடத்தில் நெரிப்பதால் அந்த இடத்திலேயே ஹோஸ் விரிசல் விடுகிறது; மூடியிருக்கும்போது அந்த விரிசலையும் கிளிப்பே அடைத்துவிடுவதால் சோதனையில் அது தெரிவதில்லை. அப்போது நான் பிளாடரில் ஒரு சிறு துளையைக் கண்டு ஒட்டிவிட்டிருந்தேன். அதுவும் உண்மையான துளைதான், ஆனால் பெரிய கசிவு அது அல்ல. அதனால் கிளிப்புகளை மூடி ஓர் இரவு, திறந்து ஓர் இரவு என இரண்டு இரவுகளும் சோதிப்பது அவசியம்.

பிளாடரை உருவாமலே தேட வேண்டிய இடங்கள்

எந்த அறை என்று தெரிந்தபின்னும் பிளாடரை உடனே வெளியே எடுக்கக் கூடாது. உருவி மீண்டும் செலுத்துவது அரைநாள் வேலை. அதில் புதிய துளை விழும் ஆபத்தும் உண்டு. மெல்லிய கசிவுகள் பைகளைவிடப் பொருத்துகளில்தான் அதிகம் என்பது நான் கண்ட வரையில் உண்மை. ஆகவே முதலில் வெளியில் தெரியும் ஒவ்வொரு பொருத்தையும் குற்றமற்றது என்று உறுதிசெய்ய வேண்டும்.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் இரண்டு தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் நுரை எழாமல் மெல்லக் கலக்கி, தெளிப்பான் குப்பியில் ஊற்றிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நுரைத்துப்போன கரைசலில் கசிவின் குமிழியும் கரைசலின் குமிழியும் பிரித்தறிய முடியாமல் போகும். கைட்டை முழு அழுத்தத்தில் வைத்து, கிளிப்புகளைத் திறந்து, வால்வைச் சுற்றித் தாராளமாகத் தெளித்துவிட்டு ஒரு நிமிடமாவது அசையாமல் பார்க்க வேண்டும். மெல்லிய கசிவில் குமிழி பொங்காது. தோசையின் ஓரத்தில் வரும் சிறு கண்கள் போல ஒவ்வொன்றாக எழும்பி அங்கேயே நிற்கும். அவசரக் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

வால்வில் பார்க்க வேண்டியவை மூன்று. மூடியின் விளிம்பில் குமிழி வந்தால், உள்ளே காற்றைத் திரும்ப விடாத ரப்பர் நாக்கும் கசிகிறது, மூடியும் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் நாக்கின் அடியில் ஒரு மணல் பருக்கை உட்கார்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, மென்மையான தூரிகையால் துடைத்தால் தீர்ந்துவிடும். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அது வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். வாஸலின் போன்ற பெட்ரோலியப் பசைகள் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பதால் தடவக் கூடாது, சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். திருகி மாட்டும் வால்வானால் அது அடித்தட்டில் அமரும் வளையத்தையும் இதே முறையில் பாருங்கள். மூன்றாவதாக, வால்வைச் சுற்றி உறைத்துணிக்குள்ளிருந்து குமிழிகள் கிளம்பி வந்தால் வால்வின் அடித்தட்டு பிளாடரிலிருந்து பிரிந்திருக்கிறது. மதிய வெயிலில் காரின் டிக்கியில் கைட்டைப் போட்டுவைப்பவர்களுக்கு இது அதிகம் வரும். அந்தச் சூட்டில் ஒட்டுப்பசை இளகி, அடித்தட்டு மெல்ல நகர்ந்துவிடுகிறது. நாங்கள் இப்போது போகிற வழியில் சாப்பிட நிறுத்தினாலும் கைட் பைகளை நிழலில் எடுத்து வைக்கிறோம்.

ஹோஸ்களின் மேல் போர்த்தியிருக்கும் வெல்க்ரோ மூடுதுணியை அகற்றிவிட்டு, இரண்டு முனைகளிலும் கிளிப்பின் அடியிலும் தெளித்துப் பார்க்க வேண்டும். முனையில் கசிந்தால், ஹோஸின் விரிந்துபோன ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் செருகி, புதிய கேபிள் டையால் இறுக்கலாம். டையின் வாலை ஒட்ட வெட்டி, வெட்டுமுனை பிளாடரையோ துணியையோ குத்தாத திசையில் திருப்பி வைக்க வேண்டும். கிளிப்பின் அடியில் விரிசல் என்றால் ஹோஸையே மாற்ற வேண்டும். அங்கே ஒட்டு எதுவும் நிற்காது.

பிளாடரை உருவுதல்

வெளியில் எதுவும் அகப்படாவிட்டால் மட்டுமே இந்தப் படி. முதலில் கைட்டின் வெளிப்புறம், கூடத்தின் தரை, உங்கள் கைகள் மூன்றையும் மணலில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். உருவுவதற்கு முன் உறையின் மேல் விரலை ஓட்டி, குத்துப்பட்ட அடையாளமோ, தேய்ந்த இடமோ, பிரிந்த தையலோ இருந்தால் அந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துவையுங்கள். பிளாடரின் துளை பெரும்பாலும் அதற்கு நேர் கீழே இருக்கும்.

காற்றை முழுவதும் வெளியேற்றி, ஹோஸ்களைக் கழற்றி, வால்வுகளை உறையின் துளை வழியாக உள்ளே தள்ள வேண்டும். பிளாடரின் வால்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தள்ளுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. லீடிங் எட்ஜின் இரு முனைகளிலும் உள்ள மூடுதுணியைத் திறந்து, பிளாடரின் இரண்டு வால்களிலும் லீடிங் எட்ஜைவிட நீளமான மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டுங்கள். இந்தக் கயிறுதான் பிளாடர் வெளியே வரும்போது அதன் இடத்தில் உறைக்குள் தங்கி, திரும்ப இழுத்துச் செலுத்த வழி செய்யும். முடிச்சைப் பிளாடரின் மேல் நேரடியாக இறுக்காமல் வால்முனையை மடித்துக் கட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனை உறைக்குள் ஓடிவிடாமல் அதை ஒரு கரண்டியில் கட்டிவைப்பது என் வழக்கம். பிறகு நடுவில் உள்ள ஜிப் வழியாகவோ, ஜிப் இல்லாவிட்டால் ஒரு முனை வழியாகவோ, திருகாமல் மெல்ல இழுத்து எடுக்கலாம். ஸ்ட்ரட்டுகள் குட்டையானவை, கயிறு ஒன்று போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

துளையைத் தேடுதல்

வெளியே எடுத்த பிளாடருக்குச் சுருக்கங்கள் மறையும் அளவுக்கு மட்டும், வாயால் ஊதுவது போன்ற அழுத்தத்தில் காற்றுக் கொடுங்கள். முன்னே சொன்னபடி, இப்போது தாங்குவதற்கு உறை இல்லை. ஆனால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மயிரிழைத் துளை காற்றை வெளியே விடாது. இதற்கு வழி, ஒரு முனையிலிருந்து பிளாடரை மெல்லச் சுருட்டிக்கொண்டே போய் அல்லது கையால் அணைத்து நெரித்து, சோதிக்கும் பகுதியில் மட்டும் அழுத்தத்தைக் கூட்டுவது.

9 முதல் 12 சதுர மீட்டர் கைட்டுகளின் லீடிங் எட்ஜ் பிளாடர் ஏழெட்டு மீட்டர் நீளம் வரும். குளியல்தொட்டி இல்லாத நம் வீடுகளில், துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, ஒரு முழம் ஒரு முழமாகப் பிளாடரை அழுத்தி மூழ்கடித்து, ஒவ்வொரு பகுதியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கும் அடுக்ககங்களில் இருப்பவர்கள் சோப்புக் கலக்காமல் வெறும் தண்ணீரில் பார்த்தால், அந்தத் தண்ணீரை அப்படியே செடிகளுக்கு ஊற்றிவிடலாம். மூழ்கியவுடன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைக் கையால் தடவி விலக்குங்கள். தடவியபின்னும் அதே இடத்தில் மீண்டும் ஒரு குமிழி தோன்றினால் அதுதான் துளை.

தண்ணீரே வேண்டாத ஒரு வழியை எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் திருப்பத்தூர்க்காரர் சொல்லிக்கொடுத்தார். "கையில தேடினா கெடைக்காது சார். கண்ணுகிட்ட கொண்டு போங்க. காத்து பட்டா இமை தானா மூடிக்கும்." அவர் சொன்னது முழு உண்மை. விரல்நுனி உணராத காற்றைக் கண்ணும் ஈரமான உதடும் உணர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிளாடரை நெரித்தபடி முகத்துக்கருகில் மெல்ல நகர்த்தினால், டப்பில் அரை நாள் தேடியும் அகப்படாத துளை சில நிமிடங்களில் அகப்பட்டதுண்டு.

கண்ட இடத்தை உடனே, ஈரத்தைத் துடைத்துவிட்டு, அழியாத மார்க்கரால் குறிக்க வேண்டும். துளையின் மேலேயே புள்ளி வைக்காமல் சுற்றி நான்கு திசைகளில் நான்கு சிறு கோடுகள் இட்டால், சுத்தம் செய்யும்போது மை அழிந்தாலும் நடுப்புள்ளி தவறாது. ஒரு துளை கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். மடிப்பில் குத்திய முள் இரண்டு அடுக்கையும் துளைத்திருக்கலாம்; முழு நீளத்தையும் பார்த்து முடித்தபின்தான் அடுத்த படி.

ஒட்டுதல்

சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ரப்பர் ஒட்டும் இங்கே பயன்படா. அவை ரப்பருக்கு உரியவை. டிபியு மீது சில நாட்கள் பிடிப்பது போல் தோற்றம் தந்துவிட்டு உரிந்துவிடும். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசைகள் காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்து, பிளாடர் மடியும்போது வெடித்து, துளையைப் பெரிதாக்கிவிடும். கடைகளில் தாராளமாகக் கிடைப்பதால் இவை இரண்டையும் முயன்றவர்கள் பலர் என்பதாலேயே இதை முதலில் சொல்கிறேன்.

சரியானவை: தானே ஒட்டும் டிபியு ஒட்டுகள், அல்லது டேர்-எய்ட் (Tear-Aid) நிறுவனத்தின் ஏ வகை ஒட்டு. அதே நிறுவனத்தின் பி வகை வினைல் பொருள்களுக்கானது. மாற்றி வாங்கிவிடக் கூடாது. ஊசிமுனை அளவு துளைக்கு, காய்ந்தபின்னும் நெகிழ்வாக இருக்கும் பாலியூரித்தேன் பசை ஒரு துளி போதும், ஆனால் அது காய ஓர் இரவாவது வேண்டும்.

ஒட்டு நிற்பதும் நிற்காததும் சுத்தத்தில் இருக்கிறது. பிளாடரில் காற்று சிறிதும் இல்லாமல் வெளியேற்றி, கண்ணாடி மேசை போன்ற சமமான பரப்பில் சுருக்கமின்றி விரித்து, ஐசோபிரபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மின்னணுப் பொருள் கடைகளில் இது குப்பியாகவே கிடைக்கும். கை சுத்தம் செய்யும் சானிட்டைசரில் கிளிசரின் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் டிபியுவைக் கெடுக்கும். ஒருமுறை துடைத்த துணியின் அதே பக்கத்தால் மறுமுறை துடைக்காமல், துணியில் அழுக்கு வராத வரை துடைத்து, முழுவதும் உலரவிட்டு, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டை வட்டமாக, துளையைச் சுற்றி எல்லாத் திசையிலும் இரண்டு சென்டிமீட்டராவது மிஞ்சும்படி வெட்ட வேண்டும். மூலைகள் இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பின்தாளை ஓர் ஓரத்தில் மட்டும் உரித்து ஒட்டி, மீதித் தாளை உரித்துக்கொண்டே, உள்ளே காற்றுக் குமிழி சிக்காமல் விரலால் நீவிக்கொண்டு போங்கள். பிறகு எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, கனமான புத்தகங்களை மேலே வைத்து 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். பிளாடரின் விளிம்பில் உள்ள இணைப்பில் துளை என்றால் தட்டையான ஒட்டு நிற்காது. விளிம்பைச் சுற்றி இரு பக்கமும் மடிந்து உட்காரும்படி நீளமான ஒட்டை இட வேண்டும். விரல் நீளத்துக்கு மேல் கிழிந்திருந்தாலும், பிளாடர் மஞ்சளாகிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும், ஒட்டுப் போடுவதில் காலத்தைச் செலவிடாமல் புதிய பிளாடர் வாங்குவதே அறிவுடைமை.

வால்வின் அடித்தட்டு பிரிந்திருந்தால், ஓரத்தில் மட்டும் பசை நுழைத்துச் சமாளிப்பது பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. அது இருந்த இடத்தையும் திசையையும் மார்க்கரால் வரைந்துகொண்டு, முடி உலர்த்தியின் மிதமான சூட்டில் முழுவதுமாக உரித்து, பழைய பசையைத் துடைத்தெடுத்து, தானே ஒட்டும் புதிய வால்வை அதே கோட்டின் மேல் பதிக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் உறையின் துளைக்கு நேராக வராமல் இழுபட்டு, அதே ஓரம் மீண்டும் பிரியும்.

திரும்பச் செலுத்துதல்

ஒட்டிய பிளாடருக்கு மெல்லக் காற்றடித்து, ஒட்டின் மேலும் ஓரத்திலும் சோப்புக் கரைசல் தெளித்துப் பார்த்து, ஓர் இரவு வைத்தபின்பே உறைக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன் துளை விழுந்த காரணத்தை உறைக்குள் தேடியாக வேண்டும். கையை விட்டுத் துழாவினால் மணல், சிப்பித் துண்டு, முறுக்கிக்கொண்ட தையல் நூலின் கூரான முனை ஏதேனும் அகப்படும். அதை விட்டுவைத்தால் அதே இடத்தில் அடுத்த துளை விழும். உறையில் கிழிசலோ பிரிந்த தையலோ இருந்தால் அதைப் பாலியஸ்டர் நூலால் தைத்தாக வேண்டும். பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் இற்றுப்போகும். சிவாஜிநகர்ப் பக்கம் கார் இருக்கை உறைகளும் பைகளும் தைப்பவர்களிடம் தடித்த துணி தைக்கும் எந்திரம் உண்டு. பிளாடர் உள்ளே இல்லாதபோது மட்டுமே உறையில் ஊசி படலாம்.

பிளாடரில் மிச்சக் காற்றையும் வெளியேற்றி, நீளவாக்கில் விசிறிமடிப்பாக மடித்து, மேலே சிறிது டால்கம் பவுடர் தூவி, கயிற்றை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறு கையால் ஊட்டிவிடுவது போல உள்ளே அனுப்ப வேண்டும். இருவர் இருந்தால் நல்லது. எங்காவது தடைபட்டால் வலிந்து இழுக்காமல் பின்வாங்கி மீண்டும் செலுத்துங்கள். வால்வுகள் தத்தம் துளைக்கு நேராக வந்ததும் அவற்றை முதலில் வெளியே எடுத்துப் பொருத்தி, முனைகளில் பிளாடரின் வால் உறையின் கடைசி வரை எட்டியிருக்கிறதா என்று பார்த்து, முனைத்துணியை முன்பு இருந்தபடியே மடித்து இறுக்க வேண்டும். இந்த முனை தளர்வாக இருந்தால் பிளாடர் அந்த வழியாகப் பிதுங்கி வெடிக்கும். புதிதாகச் செலுத்திய பிளாடர்கள் பாழாவது அதிகமும் இதனால்தான்.

முதலில் உறை உருப்பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, குழாய் நெடுகத் தடவிப் பாருங்கள். எங்காவது இடுப்பு போலச் சுருங்கியிருந்தால் உள்ளே முறுக்கு இருக்கிறது. காற்றை வெளியேற்றி, அந்த இடத்தை உதறி நீவிவிட்டு மீண்டும் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, சுருக்கம் ஏதும் இல்லை என்று கண்டபின்பே முழு அழுத்தம். அதன்பின் கிளிப்புகளை மூடி ஓர் இரவு, திறந்து ஓர் இரவு என்ற அதே சோதனை.

கரைக்குப் போனபின் ஒரு கவனம் வேண்டும். வெயிலில் கிடக்கும் கைட்டில், முன்னே சொன்ன வெப்பக் கணக்கு எதிர்த்திசையில் ஓடும்: கடல்மட்டத்தில் 30 டிகிரியில் அடித்த 7 பி.எஸ்.ஐ., உள்காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 9ஐத் தாண்டிவிடும்; புதிய ஒட்டுக்கு அது கடுமையான சோதனை. ஆகவே ஒட்டுப் போட்ட கைட்டை முதல் நாளில் பந்தல் நிழலிலோ படகின் மறைவிலோ காற்றடித்து, மேலே மணல் பாரம் வைத்து, அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு குழாயையும் மறுபடி சுண்டிக் கேட்டபின்பே நான் கயிறு மாட்டுகிறேன். அன்று கரையை ஒட்டியே, எழுந்து நின்றால் கால் தரையில் படும் ஆழத்துக்குள் ஓட்டி, அரை மணிக்கொருமுறை இறக்கிச் சுண்டிப் பார்த்து, காற்றடித்த தேதியையும் அழுத்தத்தையும் கைட் பையின் உள்பக்கத்தில் தைத்துவைத்திருக்கும் துணித்துண்டில் மார்க்கரால் எழுதிவிடுகிறேன்.